ஆய்வகச் சன்னலில் தெரிந்த தீக்குழி

நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் மேற்குச் சன்னலைத் திறந்தால் திரௌபதி அம்மன் கோவில் திடல் தெரியும். சன்னலுக்கு இந்தப் பக்கம் மேசைமேல் செம்பு, பித்தளை, இரும்பு, கண்ணாடி என்று நாலு கம்பிகள். நாலிலும் மெழுகு தடவி, ஒரு முனையைக் கொதிநீர்ப் பெட்டியில் செருகி, எதில் மெழுகு எவ்வளவு தூரம் உருகியது என்று அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். செம்பில் மளமளவென்று உருகும். கண்ணாடியில் அரை அங்குலம் நகர்ந்தால் பெரிது. சன்னலுக்கு அந்தப் பக்கம், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, தீமிதி. பத்தாம் வகுப்பில் தேறினால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது உண்டு.

கடவுளை ஏன் நம்புகிறீர்கள், ஏன் நம்பவில்லை என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு இந்த ஆண்டு கேட்டிருக்கிறது. நான் நம்பாதவன். அதற்கு நான் சொல்லக்கூடிய காரணம் அந்தச் சன்னலின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் தீக்குழியைப் பற்றியே எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் 1827-இல் நாராயண பிள்ளை எழுப்பியது. அங்கே கும்பிட வந்த முதல் தலைமுறையில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து ஆட்கள் நிறைய. 1840 முதல் அங்கேயும் தீமிதி நடக்கிறது.

நம் பக்கத்துக் குழி ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் 15 அடியிலிருந்து 20 அடி நீளம், ஐந்தாறு அடி அகலம், ஒரு சாண் ஆழம் என்பது வழக்கமான அளவு. காலையில் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினால் கொழுந்து அடங்கிக் கங்காக இறங்கச் சாயங்காலம் ஆகிவிடும். புளியங்கட்டை, வேலங்கட்டை போன்ற வைரம் பாய்ந்த மரம் நின்று எரிந்து நல்ல கங்கு விழும். பிறகுதான் கைவேலை. பச்சை மூங்கில் கழியால் பெரிய கங்குகளை அடித்து உடைப்பார்கள். நீளக் கழியால் இழுத்து மட்டம் பார்ப்பார்கள். முறத்தால் விசிறி மேல் சாம்பலைப் பறக்கவிடுவார்கள். குழியின் மறுமுனையில் பால் கலந்த தண்ணீர் நிரப்பிய சின்னப் பள்ளம் ஒன்று. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் ஆற்றில் குளித்து, மஞ்சள் ஈரத்துணியோடு வர, கரகம் எடுத்தவர் முதலில் இறங்குவார். அவருக்குப் பின்னால் வரிசை.

இதைச் செய்கிறவர்கள் கைதேர்ந்தவர்கள். கங்கை மட்டமாக அடிப்பதும், கொழுந்து முழுக்க அடங்கும் வரை ஒருவரையும் இறங்கவிடாததும், விறகு அடுக்கும்போதே ஈரக் கட்டையை ஒதுக்குவதும் பல தலைமுறை கண்ட அனுபவம். ஏன் சுடுவதில்லை என்பதற்கான விடையில் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. மீதிப் பாதி மெழுகுக் கம்பியில்.

அடுப்பிலிருந்து தெறித்து விழுந்த கங்கை வெறும் விரலால் பொறுக்கி உள்ளே போடும் பாட்டிமாரை எல்லோரும் பார்த்திருப்போம். அதே பாட்டி தோசைக்கல்லைத் துணி இல்லாமல் தொடமாட்டார். சூடு என்று பார்த்தால் கங்கு தோசைக்கல்லைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மரக்கரி காற்றுப்புழை நிறைந்த லேசான பொருள். அதன் வெப்பக் கடத்துத்திறன் (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கில்) 0.1-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரும்புக்கு அது சுமார் 80. பாதம் பட்டதும் கங்கின் மேல்தோல் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கறுத்துப்போகும். உள்ளிருக்கும் சூடு மேலே வந்து சேருவதற்குள் கால் அடுத்த எட்டில் இருக்கும். 15 அடிக் குழியை ஆறேழு எட்டில் கடந்துவிடலாம். ஒவ்வொரு எட்டிலும் பாதம் கங்கில் பதிந்திருப்பது சுமார் அரை நொடிதான். மேலே படிந்த மெல்லிய சாம்பலும் தடுப்பாகிறது.

இங்கிலாந்தில் 1935-இல், அமானுஷ்யம் என்று சொல்லப்படுபவற்றை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஸ் என்பவரைச் சர்ரே மாவட்டத்தில் வெட்டிய குழியில் நடக்கவைத்தார்கள். குழியின் மேற்பரப்பில் அளந்த சூடு 430 டிகிரி. அவர் கால் புண்ணாகவில்லை. 1937-இல் நடந்த அடுத்த சோதனைகளில், விரதமோ மந்திரமோ இல்லாத வெள்ளைக்காரர்களும் நடந்து காட்டினார்கள். கரியின் குறைந்த கடத்துத்திறன், நொடிக்கும் குறைந்த தொடுகை என்பதுதான் அவர்கள் கண்ட காரணம். அதற்கு நம்மூர்ச் சாட்சியும் உண்டு. திராவிடர் கழகத் தோழர்கள் கடவுள் மறுப்பு முழக்கத்தோடு தீ மிதித்துக் காட்டியதைக் காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மனை வணங்கியவரையும் இல்லை என்றவரையும் அந்தக் கங்கு ஒரே மாதிரிதான் நடத்தியது.

இதனால் மட்டும் நான் நம்பாதவன் ஆகவில்லை. குழியில் இறங்கியவர்களில் சிலருக்குச் சுட்டுவிடுகிறது. அதற்கும் காரணங்கள் உண்டு, எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. பயத்தில் ஓடுகிறவருக்கு முன்பாதம் அழுந்திக் கங்குக்குள் புதையும். விரலிடுக்கில் சிக்கிய கங்கு கூடவே வரும். நடுவில் தயங்கி நின்றால் அரை நொடி மூன்று நொடியாகிவிடும். உடைபடாத பெரிய கங்கு உள்ளங்கால் வளைவில் குத்தும், அங்கே தோல் மெல்லிசு. முன்னால் போகிறவர் தடுக்கினால் பின்னால் வருபவரும் விழுவார், அப்போது கை, முழங்கால், முகம். எல்லாவற்றையும்விட மோசமானது ஆணி. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போடும் பழைய நிலைக்கதவிலும் கட்டில் சட்டத்திலும் ஆணி இருக்கும். மரம் எரிந்துபோகும், ஆணி குழியிலேயே கிடக்கும். கங்கு தன் சூட்டை மெல்லத்தான் விடும். ஆணி தொட்ட கணத்தில் விட்டுவிடும்.

சுட்டுக்கொண்டவரிடம் ஊர் என்ன கேட்கிறது? "விரதத்துல என்ன கொறை வெச்ச?" சுத்தபத்தமாக இல்லை, மனசு கலங்கிவிட்டது, வீட்டில் தீட்டு, இப்படி ஏதாவது ஒன்று. கொப்புளத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்கும்போது அவள் தலை கவிழ்கிறது. தன் குறை என்ன என்று அவளே தேட ஆரம்பிக்கிறாள். நாள் முழுக்க யோசித்தால் எவருக்கும் ஒரு குறை கிடைக்காமலா போகும்? சுடாதவருக்கு அம்மன் காரணம், சுட்டவருக்கு அவரே காரணம். இந்தக் கணக்கில் ஆணிக்கு இடமே இல்லை. அடுத்த ஆண்டும் அதே நிலைக்கதவு குழிக்கு வரும். நான் நம்பாததற்கு இதுதான் முதல் காரணம், கடைசிக் காரணமும் இதுதான். வலியில் இருப்பவர்மேல் பழியும் சேர்த்து ஏற்றுகிற ஒரு விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்புகிற நம் தோழர்கள் இதற்குச் சொல்லும் பதிலையும் நேர்மையாக எழுத வேண்டும். அவர்களில் பலருக்குக் கடத்துத்திறன் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். சிலர் பொறியாளர்கள். சுடாமல் இருப்பது அற்புதம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கும் இரவில், "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல ஒரு இடம் வேண்டும் என்கிறார்கள். சொன்ன சொல்லை உடம்பால் நிறைவேற்றுவதுதான் வேண்டுதல். விரத நாட்களில் குடிக்காமல், சண்டை போடாமல் இருப்பதே பலன் என்கிறார்கள். நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் நம் வீட்டுப் பெண்கள் போனதும் இந்த மனத்தோடுதான். நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் 131 அடி பெரிய மனாராவை (கோபுரத்தை) கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். வேண்டுதலுக்கு மதம் பார்க்கும் வழக்கம் டெல்டாவில் அப்போதே இல்லை. இந்தக் காரணத்தை மறுக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. மறுக்க விரும்பவும் இல்லை.

நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் நடுவே நிற்பவர்களுக்கு எடுத்துக்காட்டாக, நாகப்பட்டினம் பக்கத்தில் சிக்கல் என்ற ஊரின் முருகன் சிங்காரவேலரைச் சொல்லலாம். கந்த சஷ்டியில் ஐந்தாம் நாள் இரவு, அம்மனிடம் வேல் வாங்கியதும் உற்சவர் முகத்தில் முத்து முத்தாக வியர்க்கும். பட்டுத்துணியால் ஒற்ற ஒற்ற மறுபடி துளிர்க்கும். அது ஐப்பசி அடைமழைக் காலம். காற்று 30 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு இருந்தால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்திலும் நீர் துளிர்க்கும். குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பைச் சமையற்கட்டில் வைத்தால் வெளியே வியர்ப்பது இதனால்தான். நெரிசலில் நிற்கும் கூட்டத்தின் மூச்சு ஈரத்தை இன்னும் ஏற்றும். ஆனால் சிலையின் சூட்டை அளக்காமல் இதை முடிந்த முடிபாகச் சொன்னால் நானும் நம்பிக்கையைத்தான் பேசுகிறேன். அதே எடையுள்ள ஒரு பஞ்சலோகத் தகட்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வெப்பமானி ஒட்டி, காற்றின் ஈரத்தையும் குறித்தால் ஒரே இரவில் தெரிந்துவிடும். அளக்கும் வரை தீர்ப்புச் சொல்லமாட்டேன் என்பவரின் நிலையும் நம் ஆய்வகம் கற்றுக்கொடுத்ததுதான்.

இனி, விடுப்பில் ஊருக்குப் போய் வேண்டுதலை நிறைவேற்றப் போகிறவர்களுக்கு. வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத் தோல் தடித்தது. இருபது ஆண்டு ஷூவுக்குள் இருந்த பாதம் குழந்தைப் பாதம் மாதிரி. அவர்களுக்குச் சுடாத கங்கு நமக்குச் சுடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. நரம்பு மரத்துப்போன பாதம் சூட்டைச் சொல்லாது, கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பிறகுதான் தெரியும், பிறகு ஆறாது. நம் வகுப்பில் ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் முதலில் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். வேண்டுதல் குழந்தைக்காக என்றால் குழந்தை கரையில் பாட்டியிடம் இருக்கட்டும். ஓடாமல், நிற்காமல், சாதாரண நடையில் முழுப் பாதத்தையும் பதித்துப் போங்கள். முன்னால் போகிறவர் கரையேறும் வரை காத்திருங்கள்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. பால்குழியில் ஒரு முறை நனைத்தால் போதாது, அந்தத் தண்ணீர் நூறு கால் பட்டுச் சாம்பலும் சேறுமாக இருக்கும். ஐஸ், பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இந்த ஆண்டு ஊர்த் திருவிழாவுக்கு நாம் அனுப்பும் நன்கொடையில் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் போக மூன்று பொருள் வாங்கிக் கொடுக்கலாம். குழாய் வைத்த 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு, கரையேறும் இடத்தில் வைக்க. மூன்றாவது, கழியில் கட்டி இழுக்கிற பெரிய காந்தப்பட்டை ஒன்று. அதைக் கங்கின்மேல் ஓட்டக் கூடாது, அந்தச் சூட்டில் காந்தம் வலுவிழந்துபோகும். குழி வெட்டியதும், கட்டை அடுக்குவதற்கு முன்பு தரையில் இரண்டு முறை ஓட்டினால் போன ஆண்டு ஆணிகள் ஏறிவிடும். கட்டைக்குள் இருக்கும் ஆணிக்கு வழி, பழைய கதவையும் கட்டிலையும் வாங்காமல் இருப்பதுதான். பூசாரியிடமும் விழாக் குழுவிடமும் பேச நம்புகிறவர்கள் இரண்டு பேர் முன்வாருங்கள், உங்கள் சொல்தான் அங்கே எடுபடும். செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.