வலது மூலை காய்ந்துவிட்டது: எல் 200 பின்பெட்டிக்கு மூடி போட்ட அனுபவம்

நேற்றிரவு நல்ல மழை. விடியற்காலை டோர்ச்சோடு போய் மூடியைத் தூக்கினேன். பெட்டித் தரை முழுக்க விரித்து வைத்திருந்த பழைய பத்திரிகைத் தாள்களில், வலது முன் மூலையில் இருந்தது தொட்டால் சரசரக்கிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரண்டு மாரியாக என்னைப் படுத்திய மூலை அது. மனைவியை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். இடது மூலையில் இன்னும் ரொட்டி அளவுக்கு ஒரு நனைந்த வட்டம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி 2011 மிட்சுபிஷி எல் 200 டபுள் கெப், இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ளது. வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், வயல் தம்பலகாமத்தில். தண்ணீர் பம்ப், உரம், விதை நெல், சீமெந்து எல்லாம் பின்பெட்டியில்தான் போகும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் படங்கு போட்டு இழுத்துக் கட்டி இரண்டு மூடை சீமெந்து ஏற்றிப் போனேன். படங்கின் நடுவில் தண்ணீர் குளம் கட்டி, அதன் பாரத்தில் ஓரம் உள்ளே இழுபட்டு, வயலுக்குப் போய்ச் சேரும்போது ஒரு மூடையின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. அடுத்த நாள் அது கல். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி ஒழுங்கான மூடி.

மூடிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்களில் பலர் பனி கொட்டும் நாடுகளில் இருக்கிறார்கள். பனியின் பாரத்தை எது தாங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்களுக்கு வேறு கவலை. ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடை மழை, நடு வருஷத்தில் கச்சான் காற்றும் புழுதியும், வருஷம் முழுக்கக் கடல் உப்பு. சுருட்டி வைக்கும் வைனில் மூடியை முதலிலேயே ஒதுக்கினேன். நண்பர் ஒருவர் போட்டிருந்தார். ஒரே கச்சானில் அதன் ஒட்டுப்பட்டியில் மணல் ஏறி ஒட்டாமல் போனது, வெயிலில் தளர்ந்த துணியில் மழை வந்ததும் தண்ணீர் தேங்கியது. என் படங்குக் கதையேதான், விலை மட்டும் கூட. ஃபைபரில் ஒரே துண்டாக வரும் மூடி பார்க்க அழகு, மழைக்கும் நல்லது. ஆனால் உயரமான சாமான் ஏற்ற வேண்டிய நாளில் கழற்ற இரண்டு ஆள் வேண்டும், கழற்றி வைக்க வீட்டில் இடமும் வேண்டும். ஷட்டர் மாதிரி உள்ளே போகும் ரோலர் மூடி எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் சுருளும் பெட்டி முன்பக்கத்தில் ஒரு அடிக்குக் கிட்ட இடத்தைத் தின்றுவிடும், அதன் தண்ணீர்க் குழாய்களில் வேப்பிலை அடைத்தால் பெட்டிக்குள்ளேயே வழியும். எங்கள் வாசலில் இரண்டு வேம்பு. கேபின் உயரத்துக்குக் கூடு மாதிரி நிற்கும் கனோபி போட்டால் அது வேறு வண்டி. கடைசியில் மூன்றாக மடியும் அலுமினிய மூடி. மடித்துக் கேபின் பக்கம் சாய்த்துவிட்டுப் பம்பை நிமிர்த்தியே ஏற்றலாம், ஒரே ஆளாகக் கழற்றலாம்.

மூடி போட்டால் வண்டிக்கு எண்ணெய் மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள். அதற்காக யாரும் வாங்க வேண்டாம். மூன்று வருஷம் கணக்கு எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வாங்கியது கொழும்பு பஞ்சிகாவத்தையில், பாவித்தது, புதியதன் பாதி விலைக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். நடுவில் இருந்த காலத்தில் எல்லாரும் கையில் இருந்த வண்டியையே பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம், பழைய சாமானுக்கு அப்படி ஒரு கிராக்கி. அங்கே ஒரு முக்கியமான விஷயம். முதல் கடைக்காரர், "எல் 200 என்றால் எல்லாம் ஒரே அளவுதான், கொண்டு போங்க" என்றார். இல்லை. இந்த உருவத்து எல் 200 டபுள் கெப்பில் பெட்டி இரண்டு நீளத்தில் வந்தது. முன்னையது 1325 மில்லிமீற்றர், பின்னால் வந்த நீளப் பெட்டி 1505. பதினெட்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். என்னுடையது நீளப் பெட்டி. அளவுநாடாவைப் போட்டுப் பார்த்தேன், அவர் காட்டியது கட்டைப் பெட்டிக்கானது. வருஷத்தையும் மாடலையும் சொல்லி வாங்க வேண்டாம். முன்சுவரின் உள்முகத்திலிருந்து மூடிய பின்கதவின் உள்முகம் வரை நீங்களே அளந்து, எழுதி எடுத்துப் போங்கள். இரண்டாவது கடையில் சரியானது கிடைத்தது. மடிப்பில் இருக்கும் இறப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்து உடனே எழுந்தது. வெடித்துக் காய்ந்த இறப்பர் என்றால் அந்த மூடியைத் தொடவே கூடாது.

பூட்டும் வேலை அரை நாள். பெட்டிக்குள் உறை மாதிரிப் போட்டிருந்த பிளாஸ்டிக் லைனர் விளிம்பை மூடியிருந்ததால், மூடியை இறுக்கும் கிளாம்ப் தகரத்தைப் பிடிக்கவில்லை, கிளாம்ப் வரும் இடங்களில் மட்டும் லைனரை வெட்டினேன். வெட்டக் கழற்றியபோது உள்ளே ஒரு கைப்பிடி கடல் மணல், அதன் அடியில் கறள். லைனர் வைத்திருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிக் கழுவுங்கள்.

சரி, மூலைக்கு வருகிறேன்.

மூடியின் சட்டம் பக்கச் சுவர்களின் மேல் உட்காருகிறது. என் வண்டியில் அந்தச் சுவர்களின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது, நான்கு மில்லிமீற்றர் தடிப்பு. முன்சுவரில் அந்த உறை இல்லை. ஆகவே பக்கச் சுவரும் முன்சுவரும் சந்திக்கும் இடத்தில் நான்கு மில்லிமீற்றர் படி ஒன்று இறங்குகிறது. இறப்பர் பட்டி அந்தப் படியின் மேல் பாலம் மாதிரி நிற்கும், கீழே இறங்கிப் படியாது. மூடியின் மேல் விழும் மழையில் ஒரு பங்கு சட்டத்தின் ஓரப் பள்ளத்தில் இறங்கி, வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்து முன்னுக்கு ஓடி வந்து, சரியாக அந்தப் படியில்தான் தேங்குகிறது. பிரேக் பிடித்தால் மொத்தமாக உள்ளே.

முதல் மாரிக்குச் சிலிக்கன் பிதுக்கினேன். ஹார்ட்வெயாரில் கிடைத்த சாதாரணச் சிலிக்கன், வினாகிரி மணக்கும் வகை. அந்த மணம் அசற்றிக் அமிலத்தினுடையது. பெயின்ற் சுரண்டிய தகரத்தில் பட்டால் கறளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். மாசியில் உரித்தபோது அடியில் செம்மண் மாதிரி வந்தது. மணமில்லாத நியூட்ரல் வகைதான் வாகனத்துக்கு ஆகும்.

இரண்டாவது மாரிக்கு இன்னும் தடித்த இறப்பர் பட்டி. அது முன்பக்கத்தைத் தூக்கியதில் பின் பூட்டு விழவில்லை. ஏறி மிதித்துப் பூட்டினேன். அதிலேயே ஒரு கிளாம்ப் வளைந்தது.

இந்தத் தடவை, கை வைக்கும் முன் ஓட்டை எது என்று தேடினேன். இறப்பர் பட்டியில் வெண்கட்டியைத் தேய்த்து, மூடி, அழுத்தி, திறந்தால், பட்டி தொட்ட இடமெல்லாம் தகரத்தில் வெள்ளைக்கோடு விழுந்திருக்கும். வலது மூலையில் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு இல்லை. இடதில் இரண்டு விரல். உறுதி செய்ய இரவில் நான் பெட்டிக்குள் படுத்துக்கொண்டேன், மருமகன் வெளியே டோர்ச் பிடித்து ஓரமாக நகர்த்தினான். "மாமா, இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கேட்டு வந்தான். மூலைக்கு வந்ததும் பிறை மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று. அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தண்ணீர் விட்டுத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து வேறு இடத்தில் சொட்டும், வெளிச்சம் நேராக வரும்.

கிண்ணியாவில் ஃபைபர் படகு திருத்தும் நானா ஒருவரைக் கூட்டி வந்தேன். கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆப்பு மட்டும் வெச்சா தண்ணி அங்கேயே நிக்கும். வெளிப்பக்கமா ஒரு வாய்க்கால் விடுங்க." வயல் செய்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வெளி இருக்கிறதே, தண்ணீரை அங்கே விழ விட்டால் போதும்.

அவர் செய்த விதத்தை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்த வண்டிக்கும் பொருந்தும். மூலையைச் சுற்றித் தரைக்குப் பூசும் மெழுகை மூன்று தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துடைத்தார். அதன் மேல் மெல்லிய பொலித்தீன். சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் அப்படியே. பிறகு கண்ணாடி நார்ப் பாயைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, ரெசின் என்ற பசையில் நனைத்து, படியில் அடுக்கினார். கத்தரியால் வெட்டாமல் கிழித்தால்தான் ஓரம் நூல் நூலாக நின்று ஒன்றோடொன்று கலக்கும். அடுக்கின் மேல் மெழுகு பூசிய பென்சில் ஒன்றை வெளிப்பக்கம் சாய்வாக வைத்து, மூடியை இறக்கிக் கிளாம்பை விரலால் மட்டும் இறுக்கினார். முதலில் மத்தியானத்தில் கலந்த ரெசின் சட்டியிலேயே சூடேறிக் கட்டியாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை 100 கிராமுக்கு ஒரு மில்லி என்று குறைத்துக் கலந்தார். அடுத்த நாள் தட்டியதும் ஆப்பு துண்டாகக் கழன்றது. ஒரு பக்கம் பெட்டியின் அச்சு, மறு பக்கம் சட்டத்தின் அச்சு, நடுவில் பென்சில் போட்ட வாய்க்கால். கையில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. உப்புத்தாள் போட்டு, கறுப்பு அடித்து, பியூட்டைல் என்ற ஒட்டும் இறப்பர் பட்டியின் மேல் உட்கார வைத்தேன். பியூட்டைல் காயாது, பின்னால் கழற்றவும் ஏலும்.

வெண்கட்டிக் கோடு இப்போது வாய்க்கால் வாயில் மட்டும்தான் விடுபடுகிறது. நேற்றைய மழை அதன் வழியாகத்தான் போயிருக்கிறது, வெளிப்புறத்தில் கறுப்புப் பெயின்ற் மேல் புழுதி கழுவிய தடம் இருந்தது.

ஆணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூடியோடு வந்த போல்ட்டுகள் சாதாரண இரும்பு. அலுமினியத்தைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூள். உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது தலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ2 என்றால் 304 ரகம், ஏ4 என்றால் 316 ரகம். கடல் பக்கத்துக்கு ஏ4. ஹார்ட்வெயாரில் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் படகுச் சாமான் விற்கும் கடையில் எடுத்தேன். நைலோன் வொஷரும் போட்டு, புரிக்குக் கிறீஸ் தடவிப் பூட்டினேன். ஸ்டெயின்லெஸ் அலுமினியத்துக்குள் இறுகிவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கச்சானுக்கு முன் பின்கதவைப் பார்க்க வேண்டும். ஓடும்போது வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சுழலும் புழுதி பின்கதவின் இடுக்குகளால் உள்ளே இழுபடுகிறது. குச்சவெளிப் பக்கம் ஒரு தடவை போய் வந்தால் பம்பின் மேல் மா தூவின மாதிரி இருக்கும். டி வடிவ இறப்பர் பட்டி ஐந்து மீற்றர் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கங்களுக்கு ஒட்டுவது நிச்சயம். கீழ் ஓரத்துக்கும் ஒட்டினால் பெட்டியைக் கழுவும் தண்ணீர் எப்படி வெளியேறும் என்று யோசிக்கிறேன், இரண்டு முனையிலும் ஒரு அங்குலம் விட்டுப் பார்ப்பேன். மூடிக்கு மேல் குறுக்குக் கம்பி இரண்டு போட்டு ஏணி ஏற்றும் ஆசையும் உண்டு, ஆனால் இந்த அலுமினியத் தகட்டின் மேல் பாரம் வைக்க மாட்டேன், கம்பி பெட்டிச் சுவரில்தான் நிற்க வேண்டும்.

இப்போதைக்கு இடது மூலை. உறை அங்கே கொஞ்சம் தேய்ந்திருப்பதால் படி மூன்று மில்லிமீற்றர்தான், வலதின் ஆப்பு பொருந்தாது, புதிதாக வார்க்க வேண்டும். இன்று பின்னேரம் மழை விட்டால் வருவதாக நானா சொல்லியிருக்கிறார். மெழுகு இரண்டு தடவை பூசியாயிற்று, மூன்றாவது காய்ந்துகொண்டிருக்கிறது.