டிஸ்சார்ஜ் ஹெட்லைட்டில் டிம், பிரைட் மாறுவது எப்படி: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாம் ஆண்டு படித்தபோது, மாதிரி செய்முறைத் தேர்வில் சார் என் கையில் ஒரு டி2எஸ் பல்பை, அதாவது ஸீனான் என்று சொல்லும் டிஸ்சார்ஜ் ஹெட்லைட் பல்பைக் கொடுத்துக் கேட்டார்: "தம்பி, லோ பீம்லேர்ந்து ஹை பீமுக்கு மாத்தும்போது இந்த பல்புக்குள்ள என்ன மாறுது?"

யோசிக்காமல் சொன்னேன்: "இன்னொரு ஃபிலமெண்ட் எரியும் சார்."

"ஃபிலமெண்ட்டா? எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் எதிரெதிராக இரண்டு சின்னக் கம்பி முனைகள், அவ்வளவுதான். சுருள் எதுவும் இல்லை. சரியான விடை "ஒன்றும் மாறாது" என்பது. அந்த ஒற்றை வரியை உண்மையாகவே புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆண்டுத் தேர்வில் இந்தப் பகுதி எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. இப்போது இந்த டிரேடில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

தவறு எங்கே வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் ஹெச்4 ஹாலஜன் பல்பில்தான் ஹெட்லைட்டைக் கற்றுக்கொள்கிறோம். அதில் மூன்று பின், இரண்டு ஃபிலமெண்ட், 60/55 வாட். லோ பீம் ஃபிலமெண்டுக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து ஒளியைச் சாலையில் இறக்குகிறது. டிம் பிரைட் சுவிட்சைத் தட்டினால் கரண்ட் ஒரு ஃபிலமெண்டை விட்டு இன்னொன்றுக்குப் போகும். பட்டறையில் நாம் பார்க்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருப்பதால், "பீம் மாறுவது என்றால் கரண்ட் வழி மாறுவது" என்று மனதில் பதிந்துவிடுகிறது. இந்தப் பதிவை அழிக்காமல் டிஸ்சார்ஜ் விளக்கைப் படித்தால் எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வோம்.

டிஸ்சார்ஜ் பல்பில் எரிவது ஃபிலமெண்ட் இல்லை, மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் கரண்ட் தரும் ஒளி. இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு இடையே சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி. குமிழுக்குள் அழுத்தத்தில் ஸீனான் வாயுவும், கொஞ்சம் உலோக உப்புகளும், டி1, டி2 வகையென்றால் துளி பாதரசமும் இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டிக் கரண்ட் பாய முதலில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பு வேண்டும். இக்னைட்டர் அதைக் கொடுக்கும். வில் பிடித்த பிறகு பேலஸ்ட், நம் பட்டறை பாஷையில் சோக், அதை 85 வோல்ட் அளவில் 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்தி எரிய விடும். பாதரசம் இல்லாத டி3, டி4 பல்புகளுக்கு இது 42 வோல்ட். அதனால்தான் டி2எஸ் இருந்த இடத்தில் டி4எஸ் போடக்கூடாது. வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்து வருவதுதான் கேள்வியின் உயிர். வில் பிடித்த உடனே முழு வெளிச்சம் வராது. முதலில் ஸீனான் மட்டும் நீலம் கலந்த வெள்ளையில் மின்னும், பிறகு சூடேறி உப்புகள் ஆவியாகி வெளிச்சம் ஏறும். இந்தப் பல்புகளுக்கான ஐ.நா. விதி 99 கேட்பது, 1 விநாடியில் குறைந்தது 25 சதவீதம், 4 விநாடியில் 80 சதவீதம் வெளிச்சம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 4 விநாடியில் ஏறக்குறைய 89 மீட்டர் ஓடிவிடும். பிரைட் போட்ட பிறகு அத்தனை தூரம் அரைகுறை வெளிச்சத்தில் ஓட்ட முடியுமா? அதோடு ஒவ்வொரு முறை வில் பிடிக்கும்போதும் முனைகள் தேய்கின்றன. இரவுப் பயணத்தில் நூறு முறை டிம் பிரைட் மாற்றும் சாலைகள் நமக்குத் தெரியும். ஆகவே இந்த விளக்கை அணைத்துப் போட்டு பீம் மாற்ற வழியே இல்லை. எரிகிற வில்லை எரியவிட்டு, வேறு எதையாவதுதான் மாற்ற வேண்டும். இந்தக் காரணத்தைச் சொந்தமாகச் சொல்ல முடிந்தால், மீதி எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

வரலாறும் அப்படியே பொருந்தியது. 1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் டிஸ்சார்ஜ் விளக்கு வந்தபோது அது லோ பீமுக்கு மட்டும்தான். ஹை பீம் பழையபடி ஹாலஜன். பிரைட் போட்டால் டிஸ்சார்ஜ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, ஹாலஜன் அதோடு சேர்ந்துகொள்ளும். ஹெச்4இல் ஒன்று அணைந்து இன்னொன்று எரிகிறது, இங்கே ஒன்றோடு இன்னொன்று கூடுகிறது. ஒரே டிஸ்சார்ஜ் பல்பு இரண்டு பீமையும் தரும் பை-ஸீனான், 1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் சிஎல் காரில் வந்தது. ஆண்டுகளை மட்டும் உருப்போட்டபோது எனக்கு மறந்து மறந்து போனது. "முதலில் பக்கத்தில் இன்னொரு விளக்கு வைத்தார்கள், எட்டு ஆண்டு கழித்து மறைப்பையே நகர்த்தினார்கள்" என்று படித்த பிறகு மறக்கவில்லை.

அந்த மறைப்பு, அதாவது ஷட்டர், எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன். புரொஜெக்டருக்குள், அதாவது முன்னால் லென்ஸ் வைத்த ஹெட்லைட்டுக்குள், நீள்வட்ட ரிஃப்ளெக்டர் ஒன்று இருக்கும். அதன் முதல் குவியத்தில் வில், இரண்டாவது குவியத்துக்குப் பக்கத்தில் ஒரு தகடு, அதற்கு முன்னால் லென்ஸ். தகடு நிற்பதோ கீழ்ப்பாதியில். கீழே மறைத்தால் சாலைதானே இருட்டாக வேண்டும், மேலே எப்படி வெளிச்சம் போகாமல் நிற்கிறது? படத்தை எத்தனை முறை பார்த்தும் புரியவில்லை.

கடைசியில் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு பூதக்கண்ணாடி, கைபேசி டார்ச், பட்டர் பேப்பர், பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை, இவ்வளவு போதும். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெளிக்காட்சி கூர்மையாக விழும்படி பூதக்கண்ணாடியைப் பிடித்துச் சுவருக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதுதான் குவிய தூரம், ஏறக்குறைய சரியாக இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தூரத்தைவிடச் சற்றே தள்ளிப் பட்டர் பேப்பரை நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். எதிர்ச்சுவரில் வட்டமாக வெளிச்சம் விழும். இப்போது பட்டர் பேப்பரின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தால், சுவரில் மேல்பாதி இருட்டாகும். லென்ஸ் தலைகீழாகக் காட்டுகிறது, விஷயம் அவ்வளவுதான்! அட்டையைச் சட்டென்று கீழே இறக்கினேன், சுவரில் வெளிச்சம் மேலே ஏறியது. டார்ச்சில் எதுவும் மாறவில்லை. சார் கேட்ட கேள்விக்கு விடை என் வீட்டுச் சுவரில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

இன்னொரு படி போனால் முழுசாகப் பிடிபடும். இடது பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில் லோ பீமின் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு, இடப்புறம் மேல்நோக்கி ஏறும். சாலையோரம் நடப்பவர்களும் பலகைகளும் தெரிய, எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க, இந்த ஏற்பாடு. லென்ஸ் இடவலத்தையும் மாற்றிவிடுவதால், விளக்கின் பின்னாலிருந்து பார்த்தால் தகட்டின் வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். அட்டையை அப்படிச் சரிவாக வெட்டிப் பிடித்துப் பாருங்கள், சுவரில் கோடு இடப்பக்கம் ஏறுவது தெரியும். நான் பார்த்த வரை, வைவாவில் இதைச் சொன்னவர்களை அதற்கு மேல் ஒளியியலில் யாரும் துருவவில்லை.

ஷட்டர் இல்லாத ரிஃப்ளெக்டர் வகையும் உண்டு. அதில் ஒரு சிறு ஆக்சுவேட்டர், அதாவது மின்சாரத்தால் நகர்த்தும் கருவி, பல்பையே முன்பின் நகர்த்தும். வில் குவியத்தைவிட்டு விலகும்போது கற்றையின் திசை மாறுகிறது. ரிஃப்ளெக்டருக்கு டி2ஆர், புரொஜெக்டருக்கு டி2எஸ். ஆர் வகையின் கண்ணாடியில் மறைப்புப் பூச்சு இருப்பதால் 2800 லூமென், எஸ் வகையில் 3200.

சரி, கரண்டுக்கு வருவோம். என்னுடைய சிபாரிசு, படத்தை ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டாகப் போடுங்கள். ஒன்றில் வெளிச்சம் போகும் வழி, இன்னொன்றில் கரண்ட் போகும் வழி. கரண்ட் படத்தில் ரிலேயிலிருந்து பேலஸ்டுக்குப் போகும் கோடு லோ, ஹை இரண்டிலும் அப்படியே இருக்கும். ஹை போடும்போது புதிதாகச் சேர்வது ஷட்டரை இழுக்கும் மின்காந்தக் காயிலான சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் கோடு மட்டும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் ஷட்டரைத் திரும்ப லோவுக்குத் தள்ளிவிடும். வயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்காமல் விளக்கு லோவிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஸ்பிரிங் மேல் ஒரு தனி மரியாதை. எங்கள் ஊர் இருவழிச் சாலையில் இரவில் பால் கேனோடு மொபெட் ஓட்டி வருபவர்களை நினைத்துப் பாருங்கள், அது யாருக்காக அங்கே இருக்கிறது என்று தெரியும்.

செய்முறையில் பெரும்பாலும் தரும் புகார் "லோ இருக்கு, ஹை வரலை" என்பது. உடனே பல்பைக் கழற்றப் போகாதீர்கள், அங்கேயே மார்க் போகும். லோ எரிகிறது என்றாலே பல்பும் பேலஸ்டும் நன்றாக இருக்கின்றன. முதலில் காதைக் கொடுங்கள். சுவிட்சைத் தட்டும்போது டூமுக்குள் (ஹெட்லைட் கூட்டுக்குள்) 'டக்' என்று சத்தம் வருகிறதா? வந்தும் வெளிச்சம் ஏறவில்லை என்றால் ஷட்டர் மாட்டியிருக்கிறது, அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஹை போட்ட நிலையில் சோலனாய்டு கனெக்டரில் வோல்ட் பாருங்கள். 12 இருந்தால் விளக்கை அணைத்து, கனெக்டரைப் பிடுங்கிக் காயிலின் ஓம் பாருங்கள், ஓப்பன் என்றால் காயில் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் என்று பின்னோக்கிப் போங்கள். டாஷ்போர்டில் நீல விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள், ஷட்டர் உண்மையில் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

மல்டிமீட்டரைக் கையில் எடுத்ததும் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பேலஸ்டின் வெளியீட்டுப் பக்கம் மீட்டர் பின் வைக்க மாட்டேன் சார்." 20,000 வோல்ட் வரும் இடம் அது. மீட்டரும் போகும், ஆளும் போகலாம். பல்பைத் தொடும் முன் விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆறவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும். குமிழை வெறும் விரலால் தொடவே கூடாது. எங்கள் பேட்சில் மார்க் குறைந்தவர்களில் பலர் விடை தெரியாதவர்கள் இல்லை, இந்த வரிசையை அவசரத்தில் விட்டவர்கள்.

அப்புறம் பீம் செட்டிங். 10 மீட்டர் தள்ளிச் சுவர், விளக்கின் மைய உயரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே வெட்டுக்கோடு. ஒரு சதவீதச் சரிவு என்பது இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் விதி 106, 8 மீட்டர் முன்னால் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், அளவு எதற்காக என்பதும் தெரிந்தவர் என்று தேர்வாளருக்குப் புரியும். ஹெச்4 டூமில் வெளிக்கடை டிஸ்சார்ஜ் கிட் போடலாமா என்று கேட்டால் "கூடாது" என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஃபிலமெண்ட் நிற்கும் இடத்துக்கென்று வடித்தது. வில்லின் வடிவமும் இடமும் வேறு, வெளிச்சம் இரு மடங்குக்கும் மேல். லோவில் வைத்தாலும் கூசும்.

ஆண்டுத் தேர்வில் எனக்கு வந்தது வெட்டிக்காட்டிய புரொஜெக்டர் வைத்த பயிற்சிப் பலகை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லோ போடச் சொன்னார், ஹை போடச் சொன்னார். 'டக்'. "இப்ப பல்புக்குப் போற கரண்ட் மாறுச்சா?" என்றார். "இல்ல சார், ஷட்டர்தான் இறங்குச்சு" என்றேன். "பகல்ல, ஹெட்லைட் போடாம பாஸ் லைட் அடிச்சா?" பாஸ் லைட் என்றால் முன்னால் போகும் வண்டிக்குச் சைகை காட்ட ஹை பீமை ஒரு கணம் மின்ன விடுவது. நான் எதிர்பார்க்காத கேள்வி. ஒரு நிமிடம் கரண்ட் படத்தை மனதில் ஓட்டினேன். "வில் பிடிச்சு வெளிச்சம் ஏற நேரமாகும் சார். அதனாலதான் பல பை-ஸீனான் வண்டில பாஸ் லைட்டுக்குன்னு தனியா ஒரு ஹாலஜன் வைக்கிறாங்க."

தலையாட்டிவிட்டு என் ரெக்கார்டு நோட்டை வாங்கி அந்த இரண்டு படத்தையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.