செங்கடல் மலையில் வனத்து அந்தோணியார்

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 17 அன்று நம் ஊர்களில் விழா எடுக்கப்படும் வனத்து அந்தோணியார் எகிப்து நாட்டுத் துறவி. இத்தாலியின் பதுவை நகரப் புனிதரான இன்னொரு அந்தோணியாருக்கு ஏறக்குறைய 900 ஆண்டு மூத்தவர். அவர் முதுமை வரை தவமிருந்த மலை, செங்கடலுக்கு மேற்கே தெற்கு ஜலாலா மலைத்தொடரில் இருக்கிறது. அவர் பெயரிலான மடம் அதன் அடிவாரத்தில்.

கெய்ரோவிலிருந்து அயின் சுக்னா வழியாகக் கடலோரமாகத் தெற்கே வந்து, ஸஃபரானாவில் மேற்கே திரும்ப வேண்டும். அதன்பின் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம். வண்டிக்கு எரிபொருளும் குடிநீரும் ஸஃபரானாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எகிப்தின் தொன்மையான கிறித்தவச் சபையான கோப்து திருச்சபையின் பெரிய நோன்புக் காலத்தில் வெளியாரை அனுமதிப்பதில் மாற்றம் இருக்கும். இரவு தங்குவதானால் எந்தக் காலத்திலும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். துறவிகளை ‘அபூனா’ (எங்கள் தந்தை) என்று அழைப்பது வழக்கம்.

பெரும்பாலான குழுக்கள் வந்த வேகத்தில் மலைமேல் அவர் தவமிருந்த குகைக்கு ஏறத் தொடங்கிவிடுகின்றன. நண்பகலில் வந்து சேர்கிறவர்கள் இப்படிச் செய்தால் பாதியில் திரும்ப நேரிடும். குகைக்கு ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மடத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். வழியில் நிழல் கிடையாது. வெயில் உறைக்குமுன் ஏறி இறங்கிவிட வேண்டும், அல்லது மாலை வரை காத்திருக்க வேண்டும். ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். மூச்சு வாங்குவது ஏறும்போது; முழங்கால் நடுங்குவது இறங்கும்போது. வயதானவர்களுக்கு ஊன்றுகோல் அவசியம்.

குகையின் வாய் ஒரு பாறைப் பிளவு. தோள் இரண்டு பக்கமும் உரசும். முதுகுப்பையோடு நுழைந்து நடுவில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. பையை வெளியே விட்டு, பக்கவாட்டில் திரும்பி, தலையைக் குனிந்து போக வேண்டும். உள்ளே இருக்கிறவர் வெளியே வந்தபின் அடுத்தவர் நுழைவதே முறை. கடைசியில் ஒரு சிறு அறை, அவ்வளவுதான். அங்கே நின்று செபிக்கும்போது அவர் வாழ்க்கையின் கணக்கு தெளிவாகப் புரியும்.

அவர் கி.பி. 251 வாக்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதையொட்டிப் பெற்றோரை இழந்தார். ‘உன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு’ என்ற நற்செய்தி வாசகத்தைக் கோயிலில் கேட்டதும் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். தங்கையைக் கன்னியரிடம் ஒப்படைத்தார். முதலில் ஊரோரக் கல்லறை ஒன்றில் தவம். பிறகு நைல் நதிக்கு அப்பால் பாழடைந்த கோட்டையில் ஏறக்குறைய 20 ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரொட்டியைக் கூரை வழியாக இறக்குவார்கள். ரொட்டி, உப்பு, தண்ணீர்; அதுவும் பொழுது சாய்ந்தபின் ஒருவேளை. ஒருசந்தி என்று நாம் தவக்காலத்தில் பிடிப்பதை அவர் ஆயுள் முழுதும் பிடித்தார். நண்பர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது, அவர் மெலிந்தும் இல்லை, பருத்தும் இல்லை என்று அவருடைய சரிதையை எழுதிய அத்தனாசியார் குறிப்பிடுகிறார். ஒறுத்தல் என்றால் உடலைச் சிதைப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்த வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மலைக்கு வந்தபின் பிறர் ரொட்டி சுமந்து வருவதே அவருக்குப் பாரமாக இருந்தது. மண்வெட்டி, கோடாலி, கொஞ்சம் விதைத் தானியம் கேட்டு வாங்கித் தாமே பயிரிட்டார். வருகிறவர்கள் பசியாற கீரை காய்களும் போட்டார். கூடை முடைந்தார். இதற்கெல்லாம் ஆதாரம் மலையடிவாரத்தில் இன்றும் சுரக்கும் ஊற்று. அதனால்தான் குகையைவிட ஊற்றுக்கு அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறோம். அந்தத் தண்ணீர் இல்லையேல் இந்த மடமே இல்லை.

பழைய கோயிலில் காலணியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். சுவரோவியங்களில் பெரும்பகுதி 1232-33இல் தியோதோர் என்ற ஓவியரும் அவர் குழுவினரும் வரைந்தவை. நூற்றாண்டுகளாகப் புகையும் கரியும் படிந்து கருத்திருந்தவற்றை 1990களில் சுத்தம் செய்து மீட்டார்கள். மேற்கே குதிரைமேல் அமர்ந்த வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள். பீடத்தை நெருங்க நெருங்கப் பாலைவனத் துறவிகள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே கிழக்கே நடக்க வேண்டும். அந்தோணியாரும், இன்னொரு பாலைவனத் துறவியான வனத்துச் சின்னப்பரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது வண்ணங்களுக்குக் கேடு.

அவருடைய கல்லறையைத் தேட வேண்டாம். 356இல், 105 வயதில் இறக்கும்போது, உடலைப் புதைத்த இடத்தை எவருக்கும் சொல்லக்கூடாது என்று சீடர் இருவரிடம் கட்டளையிட்டிருந்தார், அவர்களும் சொல்லவில்லை.

நம்மவர் வனத்துச் சின்னப்பர் என்று வணங்கும் பவுலின் மடம் இதே மலைத்தொடரின் மறுபக்கம். மலைமேல் குறுக்கே நடக்கும் வழி துறவிகளுக்கும் வழிகாட்டியோடு போகிறவர்களுக்கும் மட்டுமே. மற்றவர்கள் ஸஃபரானாவுக்குத் திரும்பிக் கடலோரச் சாலையில் தெற்கே போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் குகை ஏறியவர்கள் சின்னப்பர் மடத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. விழா நாளிலேயே போக விரும்பினால், கோப்து நாள்காட்டிப்படி அந்தோணியார் திருநாள் ஜனவரி 30 என்பதைக் கவனித்துப் பயணச்சீட்டு எடுங்கள்.