எட்டாம் வகுப்புக் காக்கி

ஜூன் 18, 2025, புதன்

எஸ்.பி.சி.யில் சேர இன்று கடைசி நாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேரளப் போலீஸ் தரும் பயிற்சித் திட்டம் அது. ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் என்று முழுப்பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முழிப்பார்கள், எஸ்.பி.சி. என்றால் தோட்டத்தில் புல்லறுக்கிற ஆத்தாவுக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் ஒன்பது முடியும்வரை இரண்டு வருஷம். ஒரு வருஷத்துக்கு 44 பேர்தான்: 22 பையன்கள், 22 பெண்கள். எங்கள் பள்ளியில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் உண்டு. இரண்டிலிருந்தும் மனு குவிந்து கிடக்கிறது. ஆசிரியர்களில் இரண்டு பேர் பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்கு நான்.

ஒரு அம்மா மனுவை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இதுல சேர்ந்தா போலீஸ் வேலை உறுதிங்களா டீச்சர்?"

உறுதி இல்லை என்று நேராகவே சொன்னேன். சிவில் போலீஸ் ஆபீசர் (இங்கே கான்ஸ்டபிளுக்கு அதுதான் பெயர்) வேலைக்கு பிளஸ் டூ வேண்டும், அரசு வேலைக்கு ஆளெடுக்கும் பி.எஸ்.சி.யின் பரீட்சை எழுத வேண்டும், வயது 18லிருந்து 26க்குள் இருக்க வேண்டும். உயரம் பையனுக்கு 168 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 157. அந்த அம்மா உடனே மகளைத் திரும்பிப் பார்த்து, மனசுக்குள்ளேயே அளந்தார். "எங்க வீட்டுல எல்லாரும் குட்டைங்க டீச்சர்." பிள்ளைக்கு வயது பதிமூன்று. வளரட்டுமே!

ஜூலை 5, சனி

எழுத்துத் தேர்வும் உடல் தேர்வும் முடிந்து பட்டியல் ஒட்டியாகிவிட்டது. ஓட்டத்தில் எங்கள் தமிழ் டிவிஷன் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. காலையில் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்தே பழகிய கால்கள். எழுத்தில்தான் சறுக்கல். மலையாளம் பேசச் சொன்னால் கடைவீதியில் பேரம் பேசுகிற அளவுக்குப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் பேனா மூடியைக் கடிப்பார்கள். இது இந்தப் பக்கத்துப் பழைய நோய், நாலு கிலோமீட்டர் கிழக்கே போனால் எல்லாப் பலகையும் தமிழ், மேற்கே போனால் எல்லாப் பலகையும் மலையாளம்.

ஜூலை 16, புதன்

முதல் பரேடு. புதனும் சனியும் என்று நாள் வைத்திருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த மாதத்தில் சும்மா இருக்காது. மைதானத்துச் செம்மண் மொத்தமும் வாய்க்குள். டிரில் சொல்லித்தர ஸ்டேஷனிலிருந்து ஒரு சிவில் போலீஸ் ஆபீசர் வருகிறார், பக்கத்துச் சித்தூர்க்காரர், மலையாளி. ஆனால் பிள்ளைகளிடம் நம் ஊர்த் தமிழிலேயே பேசுகிறார். "மக்களே, கைய மடக்காதே, தோள் உசரத்துக்கு வீசு" என்பார். இடது காலும் இடது கையும் சேர்ந்து போகிற பையன்கள் மூன்று பேர். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

எஸ்.பி.சி. நாள். 2010இல் இதே தேதியில்தான் கேரளத்தில் 127 பள்ளிகளில் இதைத் தொடங்கினார்கள். யோசனை பி. விஜயன் ஐ.பி.எஸ். உடையது. அப்புறம் 2018 ஜூலை 21இல் குருகிராமில் நாடு முழுமைக்கும் என்று ஆரம்பித்தார்கள். மேடைப்பேச்சில் இதையெல்லாம் நான்தான் சொன்னேன், பிள்ளைகள் லட்டு எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தி மகள் போனில், "எங்க ஊர்லயும் போலீஸ் பாய்ஸ் கிளப் இருக்குக்கா, கேரம் போர்டு எல்லாம் உண்டு" என்றாள். அதுவும் நல்லதுதான்.

இன்றுதான் சீருடை கைக்கு வந்தது. போட்டுக்கொண்ட அடுத்த நிமிஷமே நடை மாறிவிட்டது. எனக்கு அந்த நடை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நினைத்தது நடந்துவிட்டது. இடைவேளையில் நம் கேடட் ஒருவன், பத்தாம் வகுப்புப் பையனின் பாக்கெட்டில் கைவிட்டுப் புகையிலைப் பொட்டலத்தை எடுத்திருக்கிறான். எடுத்ததோடு நில்லாமல் காலரையும் பிடித்திருக்கிறான். அடிதடி ஆகவில்லை, ஆகியிருக்கும்.

புகையிலை வைத்திருந்தது தப்பு. பிடித்ததில் என்ன தப்பு என்று ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் கேட்டார்கள். டிரில் சார் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவனைத் திட்டவில்லை. மர நிழலில் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"அவன் பாக்கெட்ல கை வைக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"காக்கி போட்டிருக்கேன் சார்."

"நானும்தான் போட்டிருக்கேன். இருபது வருஷமா. ஒரு வீட்ல சோதனை போட்டு ஒரு பொருளை எடுத்தா, நான் மகஸர் எழுதணும். என்ன பொருள், எங்க இருந்துச்சு, எத்தனை மணி, யார் யார் இருந்தாங்க எல்லாம். சாட்சி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். போன வருஷம் ஜூலை ஒண்ணாந்தேதி வந்த புதுச் சட்டத்துல வீடியோவும் எடுக்கணும். நீ எதை எழுதினே?"

பையன் ஒன்றும் எழுதவில்லை. பொட்டலத்தைக்கூட மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டிருந்தான்.

மிச்ச நேரம் போக்குவரத்துச் சட்டம். பதினெட்டு ஆகாதவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைச் சொன்னதும் பின்வரிசை கப்சிப். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஸ்கூட்டரில் கள்ளுக்கேன் கட்டிக்கொண்டு போகிறவர்கள் யார் யார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் பேர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஸ்டேஷன் பார்க்கப் போனோம். துப்பாக்கியைக் காட்டுவார்களா என்பதுதான் பையன்களின் ஒரே கேள்வி. காட்டினார்கள், தள்ளி நின்று. லாக்கப்பையும் காட்டினார்கள், உள்ளே யாரும் இல்லை, ஒரு துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. வயர்லெஸ் கரகரத்தபோது எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். இதெல்லாம் பத்து நிமிஷம்.

அதன்பிறகு ஸ்டேஷன் ரைட்டரின் மேஜை. அங்கேதான் நேரம் போனது. கணினி, ரப்பர் ஸ்டாம்புகள், மைப்பட்டை, நூல் கோத்த ஊசி, அட்டை போட்ட பதிவேடுகள். ஸ்டேஷனில் நடப்பது எல்லாம் ஜெனரல் டைரியில் ஏறும் என்றார்: யார் எத்தனை மணிக்கு ரோந்துக்குப் போனது, எப்போது திரும்பியது, யாரைக் கூட்டி வந்தது. "இங்க வேலை பாக்கறதுன்னா பாதி எழுதறது." நம் பிள்ளைகளின் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே.

விசாரணை பற்றி ஒருத்தி கேட்டாள். சாட்சி சொல்லப் பெண்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ள பையன்களையும், அறுபது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்றார் ரைட்டர். "அப்போ எங்களை யாரும் கூப்பிட முடியாதா சார்?" என்று துள்ளினான் ஒருவன். "இன்னைக்கு நீங்களாவே வந்திருக்கீங்க" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா வந்தார். இரண்டு வெள்ளாடு காணவில்லை. பொள்ளாச்சிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றிருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம். மனு எழுத ஆளில்லை. தமிழில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுவிட்டு, ரைட்டர் என் பெண் ஒருத்தியைப் பார்த்து, "மலையாளத்தில நீ எழுது பாப்போம்" என்றார். அவள் உயரம் பற்றிக் கவலைப்பட்ட அம்மாவின் மகள்.

பத்து வரி எழுத அரை மணி நேரம். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "எழுது அம்மிணி, எழுது" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ரைட்டர் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டார். தேதி இல்லை. எங்கே மேய்ந்தது என்று இல்லை. "ஆட்டுக்கு அடையாளம் எங்கே? ரெண்டு வெள்ளாடுன்னா இந்தத் தாலுகாவில எத்தனை ஆயிரம் இருக்கு?" அப்புறம்தான் ஆத்தாவிடம் கேட்டாள்: ஒன்றுக்கு இடது காது நுனி வெட்டியிருக்கும், இன்னொன்றுக்கு முன்னங்கால் முட்டியில் வெள்ளை.

எழுதி முடித்ததும் மனு வாங்கியதற்கு ரசீது கொடுத்தார்கள். இவள் விடவில்லை. "திருட்டுதானே சார், எஃப்.ஐ.ஆர். போட வேண்டாமா? நகல் இலவசமாக் குடுக்கணும்னு எங்க சார் சொன்னாரு." ரைட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ எழுதினதைப் படி. யாரோ பிடிச்சுட்டுப் போனாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கியா? மேயப் போனது திரும்பலைன்னுதான் இருக்கு." அவள் மறுபடி ஆத்தாவிடம் குனிந்து, பார்த்த ஆள் யாராவது உண்டா என்று கேட்க ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓணம் லீவில் மூன்று நாள் முகாம், பள்ளியிலேயே. சாம்பாரில் உப்பு தூக்கல்.

பெண் பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலைக்கான உடல் தேர்வின் அளவுகளைத் தரையில் சுண்ணாம்பால் போட்டுக் காட்டினோம். எட்டு வகை உண்டு, அதில் ஐந்தில் தேற வேண்டும். நூறு மீட்டர் 17 வினாடி, உயரம் தாண்டுதல் 1.06 மீட்டர், நீளம் தாண்டுதல் 3.05 மீட்டர், நான்கு கிலோ குண்டு 4.88 மீட்டர், கயிறு ஒரு நிமிஷத்தில் 80 முறை. கயிற்றில் இப்போதே நூறு தாண்டுகிறார்கள். குண்டுதான் காலடியிலேயே விழுகிறது. நாட்டிலேயே முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில்தான் திறந்தார்கள், இந்திரா காந்தி வந்து திறந்து வைத்தார் என்று சொன்னேன். "இப்ப இருக்குதா டீச்சர்?" என்றார்கள். இருக்கிறது.

மாலையில் பி.எஸ்.சி. பற்றிப் பேச்சு. மொழிச் சிறுபான்மையினர் கேள்வித்தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம் என்றதும் கைதட்டல். வேலையில் சேர்ந்த பிறகு மகஸரைத் தமிழில் எழுத முடியாதே என்றேன். கைதட்டல் நின்றது. எனக்கு இந்தத் திட்டத்தில் இருக்கிற ஒரே மனக்குறை இதுதான். ஓடச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, அணிவகுக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. எல்லைப் பிள்ளை பின்தங்குகிற இடம் மைதானம் இல்லை, மேஜை. அதற்குக் கால அட்டவணையில் ஒரு பீரியட் கிடையாது.

செப்டம்பர் 17, புதன்

ஆத்தாவின் ஆடுகளில் காது வெட்டினது பக்கத்துத் தோப்புக் கிணற்றடியில் கிடைத்ததாம். முட்டியில் வெள்ளை உள்ளதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள்.

ஒரு பையன் எஸ்.பி.சி.யிலிருந்து விலகிவிட்டான். புதன் சாயங்காலம் அப்பாவுக்குக் கள் இறக்கும் தோப்பில் கை உதவி வேண்டுமாம். போய்ப் பேசினேன், அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். சனிக்கிழமை மட்டுமாவது அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

பரேடு முடிந்து முக்கால் மணி நேரம் மலையாளம் எழுத வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். தமிழ் டிவிஷன் பிள்ளைகளுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். மலையாள டிவிஷனிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அவர்கள் எழுத்தும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூம் மேஜை ஒன்றுக்கு மகஸர் எழுதப் போகிறோம், என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, சாட்சி இரண்டு பேர். மேஜை கணக்கு சாருடையது. விஷயம் தெரிந்து இன்றே இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.