எம்4 ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் கியர் இரைச்சல்: இதுவரை செய்து பார்த்தது

ஏர்சாஃப்ட் என்பது சின்ன பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு. என்னிடம் இருப்பது வெர்ஷன் 2 என்ற வகை கியர்பாக்ஸ் (கியர்களும் பிஸ்டனும் இருக்கும் பெட்டி) வைத்த மின்சார எம்4. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். குண்டு நேராகப் போகிறது, வேகமும் மைதானத்தின் வரம்புக்குள் இருக்கிறது. ஒரே குறை சத்தம்தான். ட்ரிகரை அழுத்தினால் காலி ஜாரோடு மிக்ஸியை ஓடவிட்டது போல வீறிடும். இங்கே இங்கிலாந்தில் நான் விளையாடப் போகும் இடங்கள் பெரும்பாலும் காடுகள். புதருக்குள் எவ்வளவு நன்றாக மறைந்திருந்தாலும் முதல் ஷாட்டிலேயே இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று: கியர் கத்துகிறது என்றால் உள்ளே எங்கேயோ பல் வீணாகத் தேய்கிறது.

இந்த அமைப்பு ஒன்றும் புதிதில்லை. 1991இல் டோக்கியோ மாருயி என்ற ஜப்பானிய நிறுவனம் தன் ஃபமாஸ் துப்பாக்கி மாதிரியோடு தொடங்கிவைத்த அதே ஏற்பாடுதான்: ஒரு மோட்டார், மூன்று கியர், ஸ்பிரிங், பிஸ்டன். மோட்டார் அச்சின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது பெவல் கியரைச் சுற்றும், பெவல் ஸ்பர் கியரைச் சுற்றும், ஸ்பர் செக்டர் கியரைச் சுற்றும். செக்டர்தான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடும். சத்தம் வரக்கூடிய இடங்களும் சிலதான். அதனால் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்டேன். பிஸ்டன் போய் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் முன்பக்க மூடியில்) மோதுவது ‘டப்’. குழல் வாயில் காற்று வெடிப்பது ‘பொத்’. இவை இரண்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒருமுறை வந்து போகும். இவற்றுக்கு நடுவே விடாமல் இழுக்கும் ‘வீங்ங்ங்’ தான் என் பிரச்சினை.

அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஏறக்குறைய 15 குண்டு போகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் செக்டர் கியர் ஒரு சுற்று. சாதாரண கியர் செட்டில் அதற்கு மோட்டார் சுமார் 18.7 சுற்று சுற்ற வேண்டும். ஆக மோட்டார் நொடிக்கு 280 சுற்று. பினியனில் 10 பல். அப்படியென்றால் பினியனும் பெவல் கியரும் நொடிக்கு 2800 முறை பல்லோடு பல் சேர்கின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000இலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைதான். நம் காதுக்கு மிகவும் எரிச்சலான இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்திருக்கிறது இந்தச் சத்தம்! ஒலியை அலைவரிசையாகப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றை கைபேசியில் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். 2800க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை நின்றது. மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்.

சரி, கை வைக்க வேண்டிய இடம் பினியனும் பெவலும்தான்.

முதலில் எதையும் பிரிக்காமல் செய்யக்கூடியது மோட்டார் உயரம். கைப்பிடியின் அடியில் ஒரு சின்ன அல்லன் திருகாணி இருக்கும். உள்ளே முறுக்கினால் மோட்டார் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். ரொம்ப ஏறிவிட்டால் சத்தம் கீச்சென்று மெலிந்து உயரும், மோட்டார் சூடாகும், வேகமும் குறையும். ரொம்ப இறங்கிவிட்டால் கரகரவென்று அரைக்கும். அப்படியே விட்டால் பல் நுனிகள் மட்டும் மோதி மழுங்கிப்போகும். மேகசினைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஷாட் மட்டும் சுட்டுக் கேட்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று தணியும். எனக்கும் தணிந்தது, ஆனால் போகவில்லை. அதிலேயே ஒரு துப்பு கிடைத்தது. இந்தத் திருகாணி பினியனை மேலும் கீழுமாக மட்டும் நகர்த்தும். பெவல் கியர் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தால் அதை வெளியிலிருந்து சரிசெய்ய வழியில்லை. திறந்தே ஆக வேண்டும்.

திறக்கும்போது ஒரு கவனம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் நின்றிருந்தால், பின்னோக்கிச் சுற்றவிடாமல் பிடிக்கும் தாழைத் தள்ளி அதை விடுவிக்க வேண்டும். அப்புறம் பின்பக்கத் துளை வழியாக நீளமான அல்லன் கீ ஒன்றை விட்டு ஸ்பிரிங் கைடை (ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டை) அழுத்திப் பிடித்துக்கொண்டே கியர்பாக்ஸ் ஓட்டின் மேல் பாதியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் பாய்ந்து, கூடவே சின்னச் சின்னப் பாகங்களும் அறை முழுக்கச் சிதறும்.

உள்ளே கிரீஸ் அப்பிக் கிடந்தது. சாம்பல் நிறம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நரநரவென்று உலோகத்தூள். எல்லாவற்றையும் துடைத்து எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெவலுக்கு வைத்த ஷிம் அத்தனையும் ஒரே பக்கம், மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. ஷிம் என்றால் கியர் அச்சில் கோக்கும் மெல்லிய வளையத் தகடு. 0.1, 0.15, 0.2, 0.3, 0.5 மி.மீ. என்று கலந்து ஒரு பொட்டலமாகக் கிடைக்கும். சில பவுண்டுதான் விலை. இந்த வேலை முழுக்கவும் எனக்கு மிகப் பெரிய பலன் தந்தது அந்தப் பொட்டலம்தான்.

பலர் ஸ்பர் கியரை முதலில் வைத்து மற்றதை அதற்கு ஏற்ப அமைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கத்துவது பினியனும் பெவலும் என்றால் அந்த ஜோடியை முதலில் சரிசெய்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்குப் பணியவைப்பதுதான் முறை. ஒரு பக்க ஓட்டில் பெவலை மட்டும் வைத்தேன். கைப்பிடியையும் மோட்டாரையும் அதே ஓட்டில் பொருத்தினேன். பெவலின் பற்களில் கறுப்பு மார்க்கர் பூசி, மோட்டார் அச்சை விரலால் மெதுவாகச் சுற்றினேன். பினியன் தொட்ட இடத்தில் மட்டும் மை அழிந்து உலோகம் மின்னும். முதல் தடவை பல்லின் வெளி ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் மின்னியது. அத்தனை விசையும் அந்த நூல் அளவில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அடியில் ஒரு 0.2 சேர்த்தேன். கோடு அகலமானது. இன்னொரு 0.1. இப்போது பல்லின் நடுவில் பட்டையாக மை அழிந்தது. விரலுக்கும் வித்தியாசம் தெரிந்தது: முன்பு சுற்றும்போது கட்டை கட்டையாகத் தட்டியது, இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

அப்புறம் ஸ்பர், பிறகு செக்டர். ஸ்பரின் பெரிய சக்கரம் பெவலின் மேல் உரசக் கூடாது, செக்டர் ஸ்பரின் மேல் உரசக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஒவ்வொரு கியரும் மேலும் கீழும் ஆட மயிரிழை இடம் போதும். ஆனால் ஓட்டின் இரு பாதிகளையும் மூடி எல்லாத் திருகாணியையும் முறுக்கிய பிறகுதான் சோதிக்க வேண்டும். தளர்வாக மூடிப் பார்த்தால் எல்லாம் நன்றாகச் சுற்றுவது போலவே தெரியும். முறுக்கிவிட்டு பெவலைச் சுண்டினால் கொஞ்ச நேரம் தானாக ஓடி மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் எங்கோ ஒரு ஷிம் அதிகம்.

கைப்பிடிக்குள் மோட்டார் லேசாக ஆடுவதையும் அப்போதுதான் கவனித்தேன். பினியன் ஆடினால் இத்தனை நேரம் ஷிம் வைத்ததற்கு அர்த்தமே இல்லை. மோட்டாரின் உடலைச் சுற்றி ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டினேன், ஆட்டம் நின்றது. மோட்டாருக்கும் அடித்திருகாணிக்கும் இடையே ஒரு குட்டி உலோக வட்டு இருக்கும். மூடும்போது அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் மோதும் ‘டப்’புக்கு, சிலிண்டர் ஹெட்டின் உட்புறம் சார்போதேன் பட்டை ஒட்டினேன். இது அதிர்வை விழுங்கும் ஒரு வகை மென்மையான பொருள். கனம் 6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பழைய ரப்பரை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டி, இரவு முழுக்க அழுத்தி வைத்தேன். இதில் இன்னும் இரண்டு லாபம் உண்டு. பிஸ்டன் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பதால் செக்டரின் முதல் பல் அதன் பல்லை நேராகப் பிடிக்கிறது. வெர்ஷன் 2 ஓடு வழக்கமாக விரிசல் விடும் முன்பக்கச் சுவருக்கும் அடி குறைகிறது.

கிரீஸ் விஷயத்தில் என் கருத்து: சத்தத்தை மறைக்க அள்ளிப் பூசக் கூடாது. பல்லில் படலமாக இருந்தால் போதும். அதிகமானது சுழற்சியில் தெறித்து ட்ரிகர் தொடுமுனைகளில்தான் போய் ஒட்டும். பிஸ்டனின் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் எண்ணெய் மட்டும்.

மாட்டிச் சுட்டேன். வீறல் போய், தாழ்ந்த ஒரு முனகல்தான் இருந்தது. செயலியில் 2800 பக்கத்து முனை நன்றாகத் தணிந்து மற்ற ஒலிகளோடு கலந்துவிட்டது. ஒப்பிடுவதென்றால் குண்டு போட்டுச் சுட்டு ஒப்பிடுங்கள். வெறுமனே சுட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்றுத் தடை குறைந்து மோதல் பலமாகக் கேட்கும், செய்த வேலை வீண் என்று தோன்றிவிடும்.

துப்பாக்கியின் உடலில் ஒட்டும் வேலை சிறியது. பின்கட்டைக் குழாயின் வெற்றிடத்தில் ஒயர் போக இடம்விட்டு நுரைத் துண்டுகள், கியர்பாக்ஸ் உடலோடு தட்டும் இடங்களில் டேப். உலோக உடல் கணகணப்பது இதிலேயே பாதி அடங்கியது.

இப்போதைக்கு 7.4 வோல்ட் பேட்டரிதான். 11.1 போட்டால் மோட்டார் வேகமாகச் சுற்றி முனகலும் சுருதி ஏறுகிறது. எனக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. மிச்சம் இருப்பது பினியன் பல்லில் பழைய தேய்மானம். அடுத்த முறை திறக்கும்போது பினியனையும் பெவலையும் ஜோடியாகவே மாற்றி, மார்க்கர் சோதனையை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்யப்போகிறேன்.