லண்டன் வீட்டுக்கு மல்ட்டிஃபியூல் ஸ்டவ்: விலைச்சீட்டில் இல்லாத விவரங்கள்

ஸ்டவ் என்றதும் சமையலறை நினைவுக்கு வரலாம். இது அறையைச் சூடாக்கும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு. லண்டனின் பெரும்பகுதி புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 டிசம்பரில் நகரத்தை மூடிய கொடிய புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் இத்தகைய பகுதியில் உங்கள் புகைபோக்கியிலிருந்து புகை தெரிந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். உங்கள் தெரு இதற்குள் வருகிறதா என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

கடையில் மூன்று சொற்கள் காதில் விழும்: மல்ட்டிஃபியூல், ஈகோடிசைன், டெஃப்ரா (அரசின் சுற்றுச்சூழல் துறை) விலக்கு. விற்பவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் மூன்றும் வேறு வேறு. மல்ட்டிஃபியூல் என்றால் விறகும் நிலக்கரி வகைக் கரியும் எரிக்கத் தோதான கம்பித்தட்டு உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். ஈகோடிசைன் என்பது 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் புதிய அடுப்புகளுக்கான தரம். மூடிய கதவுள்ள அடுப்பு ஒரு கன மீட்டர் புகைவாயுவில் 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது, பருவகாலத் திறன் (எரிபொருளின் வெப்பத்தில் பயனாகும் பங்கு) 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பவை அதன் முக்கிய வரம்புகள். புகைக்கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க அனுமதி தருவது மூன்றாவதான டெஃப்ரா விலக்கு மட்டுமே. ஈகோடிசைன் முத்திரை இருப்பதால் அந்த விலக்கும் இருக்கும் என்று நம்பி வாங்குவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் சிக்கல்.

டெஃப்ராவின் பட்டியலில் மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு விலக்கு இருக்கும், மற்றதற்கு இருக்காது. பல தயாரிப்பாளர்கள் விலக்குள்ள வகையின் பெயரோடு எஸ்இ என்று சேர்ப்பார்கள். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சிறு திருகில்தான்: கண்ணாடியைக் கழுவுவதுபோல மேலிருந்து இறங்கும் காற்றுக்கான நெம்புகோலை முழுவதும் மூடவிடாமல் அது தடுத்து நிற்கும். அந்த இடைவெளி வழியே எப்போதும் கொஞ்சம் காற்று போவதால்தான் விறகிலிருந்து வரும் வாயு எரிந்து முடிகிறது. ‘இரவு முழுக்கக் கனன்றுகொண்டிருக்கட்டும்’ என்று அந்தத் திருகைக் கழற்றினால் விலக்கும் அதோடு போய்விடும். பட்டியலில் எந்த எரிபொருளுக்கு அனுமதி, எந்தக் கையேட்டின்படி இயக்க வேண்டும் என்பதும் இருக்கும். பழைய அடுப்பு வாங்குவோர் பின்பக்கமோ சாம்பல் தட்டுக்கு அடியிலோ உள்ள தகவல் தகட்டைப் பார்க்க வேண்டும். தகடும் கையேடும் இல்லாத அடுப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கரிக்குக் கணக்கு வேறு. ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியும், அங்கீகரிக்கப்பட்ட ஸ்மோக்லெஸ் (புகையில்லா) கரிக்கட்டிகளும் விலக்கு இல்லாத அடுப்பிலும் எரிக்கலாம், எரிபொருளே புகையாதது என்பதால். சாதாரண வீட்டு நிலக்கரியை இங்கிலாந்தில் மூட்டையாக விற்பது 2021 மே மாதத்தோடும், உதிரியாக விற்பது 2023 மே மாதத்தோடும் நின்றுவிட்டது. புகைக்கட்டுப்பாட்டுப் பகுதியில் அங்கீகாரமில்லாத எரிபொருளை விலக்கு இல்லாத அடுப்புக்காக வாங்கினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

அடுத்தது அளவு. பெரியதாக வாங்கினால் நன்றாகச் சூடாகும் என்று நினைப்பது இயல்பு. நடப்பதோ நேர்மாறு. அறை கொதிக்கும், காற்றைக் குறைப்பீர்கள், தீ மங்கும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும். அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 14ஆல் வகுத்தால் சுமாரான காப்புள்ள வீட்டுக்குத் தேவையான கிலோவாட் வரும். சுவரும் ஜன்னலும் குளிரை விடும் பழைய வீடானால் 10ஆலும், நன்கு காப்பிட்ட புதிய வீடானால் 25ஆலும் வகுக்க வேண்டும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள அறை 48 கன மீட்டர். 14ஆல் வகுத்தால் சுமார் 3.4 கிலோவாட். 4 அல்லது 5 கிலோவாட் அடுப்பு தாராளம்.

5 கிலோவாட்டோடு நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்றுக் கசிவு உள்ள பழைய வீடுகளில் 5 கிலோவாட் வரை தனிக் காற்றுத்துளை தேவையில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர். 7 கிலோவாட் என்றால் 1,100 சதுர மில்லிமீட்டர் அளவுக்குச் சுவரில் மூட முடியாத துளை. இறுக்கமாகக் கட்டிய புதிய வீடுகளில் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும்.

உண்மையில் பணத்தைத் தின்பது அடுப்பு அல்ல, புகைபோக்கி. லண்டன் வரிசை வீடுகளில் முன்பு இருந்தவர்கள் மாடியில் புகைபோக்கிச் சுவரை இடித்திருப்பார்கள், இல்லையென்றால் உச்சியை மூடியிருப்பார்கள். எனவே அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஸ்வீப்பை (புகைபோக்கி சுத்தம் செய்பவரை) வரவழைத்துச் சுத்தம் செய்து, உள்ளே கேமரா விட்டு, புகைச் சோதனையும் செய்துவிடுங்கள். பக்கத்து அறைப் படுக்கையோரம் புகை கசிந்தால் லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) கட்டாயம் என்று அப்போதே தெரிந்துவிடும். அடுப்பு நிற்கும் அடித்தளக் கல்லிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை குறைந்தது 4.5 மீட்டர் உயரம் வேண்டும். வளைவு 45 பாகைக்கு மேல் திரும்பக்கூடாது. ஒரு புகைபோக்கிக்கு ஒரே அடுப்பு.

லைனரில் கேட்க வேண்டிய எண் 904, அது எஃகின் தரம். விறகு மட்டும் எரிப்பவர்களுக்கு 316 தர எஃகு போதும். ஸ்மோக்லெஸ் கரியும் எரிப்பதானால் அதிலுள்ள கந்தகம் 316ஐச் சீக்கிரம் அரிக்கும். விலை மதிப்பீட்டில் ‘ஸ்டெய்ன்லெஸ் லைனர்’ என்று மட்டும் இருந்தால் தரத்தை எழுத்தில் வாங்குங்கள். இதே காரணத்தால் விறகையும் கரியையும் ஒன்றாகப் போட வேண்டாம். விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலம். விட்டம் பொதுவாக 150 மில்லிமீட்டர். விலக்கு பெற்ற அடுப்பானால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் பட்சத்தில் 125 போதும், குறுகிய பழைய புகைபோக்கியில் அது பெரிய ஆறுதல்.

அடித்தளக் கல்லின் வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது என்று கையேடு சொன்னால் 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். இல்லாவிட்டால் 125 மில்லிமீட்டர் திடமான தளம் வேண்டும். கதவை மூடி மட்டுமே எரிக்கும் அடுப்புக்கு முன்னால் 225, பக்கங்களில் 150 மில்லிமீட்டர் கல் நீண்டிருக்க வேண்டும். மரச்சட்டம், திரைச்சீலை போன்றவற்றுக்கான தூரம் மாடலுக்கு மாடல் மாறும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள். பொருத்துபவர் ஹெட்டாஸில் (இத்தகைய அடுப்புப் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு பெற்றவரானால் அவரே சான்றிதழ் தருவார். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டட அனுமதிப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று.

இனி எரிப்பது. இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மூட்டையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கும். அதையும் சோதியுங்கள்: கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்த வேண்டும். வெளிப்பக்கத்தில் குத்தினால் 15 காட்டும் கட்டை நடுவில் 28 காட்டக்கூடும்.

விறகுக்குக் காற்று மேலிருந்து வர வேண்டும். கம்பித்தட்டின் மேல் இரண்டு சென்டிமீட்டர் சாம்பலை விட்டு, பெரிய கட்டைகளைக் கீழேயும் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்றவையுங்கள். கீழிருந்து எழும் வாயு தீயைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் தொடக்கப் புகை வெகுவாகக் குறையும். கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். அதனால் தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்த்து, சாம்பல் பெட்டியை நிரம்பும் முன் காலி செய்யுங்கள். பெட்டியில் சாம்பல் குவிந்து தட்டின் அடியைத் தொட்டால் கம்பிகள் குளிர வழியின்றி வளைந்துபோகும். அதற்கு உத்தரவாதமும் கிடைக்காது.

காற்றைக் குறைத்தும் தீ அடங்கவில்லை என்றால் கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றைச் சந்தேகியுங்கள். அடுப்பு ஆறியபின் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது. மேலே உள்ள தடுப்புத் தகட்டில் புகைக்கரி குவிந்தால் புகை அறைக்குள் திரும்பும், அதையும் அவ்வப்போது இறக்கித் தட்டுங்கள். ஸ்வீப் வர வேண்டியது கரிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, விறகுக்குக் குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும். காப்பீட்டுக்காரர் கேட்கக்கூடும், ஒவ்வொரு முறையும் சான்றிதழை வாங்கி வையுங்கள். கோடையில் சாம்பலை முழுவதும் அள்ளிவிட்டுக் காற்றுவழிகளைத் திறந்தே விடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் செப்டம்பரில் கதவைத் திறக்கும்போது துரு நிற்கும்.