ஹோலிக்கு முந்தைய ரயில் கூட்டம்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி காணொளிகளோடு பரவி, பீகார் சட்டப்பேரவையில் அமளியை உண்டாக்கி, உண்மையறிய அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கு வரும் அளவுக்குப் போனது. சான்றுகளை எடைபோடப் பழகுவோர் அந்தச் சில நாள்களைத் திரும்பிப் பார்ப்பது மிகவும் பயன் தரும் என்று கருதுகிறேன்.

பகிரப்பட்ட காணொளிகளில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்டதைக் காட்டியது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க் கும்பல்களின் முன்பகையால் நடந்த கொலை. இரண்டும் உண்மையாக நடந்தவை என்பதாலேயே, அவற்றின்மேல் ஒட்டப்பட்ட பொய்க் காரணத்தையும் பலர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள். கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

ரயில் நிலையங்களில் திரண்ட கூட்டமும் ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஹோலி மார்ச் 8 அன்று வந்தது; வதந்தியே இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் வடக்கே செல்லும் ரயில்கள் நிரம்பி வழிந்திருக்கும். வதந்தியால் அஞ்சி ஊர் திரும்பியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள் என்பது உண்மையே எனினும், அவர்களின் அச்சம் கொலைகள் நடந்ததற்குச் சான்றாகாது.

அதே வேளையில், பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டித் தாக்கிய காணொளி உண்மையானது என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்கு முந்தைய மாதம், திருப்பூரில் வடமாநிலத்தவர் தமிழர்களைத் துரத்தும் காட்சி நம் வாட்ஸ்அப் குழுக்களில் முன்பின் விவரமின்றிச் சுற்றியபோது, நம்மில் எத்தனை பேர் அதன் பின்னணியை விசாரித்தோம்?